டோர்காவின் இடது கண்

மராத்தி ஊரான ஆகுர்டியில், ஸ்கூட்டர் தொழிற்சாலையின் பெயின்ட் ஷாப்பில், சாப்பாட்டு மணி அடித்து அத்தனை பேரும் கூடியிருந்த நேரமாகப் பார்த்து மாடசாமி நார்மனை அறைந்தார். ஒரு ஸ்கூட்டரின் பக்கத்தகட்டில் பெயின்ட் வழிந்துவிட்டது, குற்றம் அவ்வளவுதான். ஃபோர்மன் மாடசாமிக்கு எப்போதும் வாய்க்கு முன்னால் கை பேசும். நார்மனுக்கு உதடு கிழிந்து சட்டையெல்லாம் ரத்தம். சுற்றி நின்ற கூட்டம் சிரித்தது. இருவருக்கும் பாளையங்கோட்டைப் பக்கம்தான் பூர்வீகம். ஊர்க்காரர் இருக்கிறார் என்ற தைரியத்தில் வேலைக்குச் சேர்ந்தவனை அந்த ஊர்க்காரரே கழுத்தைப் பிடித்து கேட்டுக்கு வெளியே தள்ளினார்.

அதன்பிறகு நார்மன் சிஞ்ச்வட்டில் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதிப் பிழைத்தான். பிழைப்பு ஓடியது, கன்னத்து எரிச்சல்தான் போகவில்லை. அந்த ஆள் ஒரே ஒரு நாள் நடுத்தெருவில் எல்லோரும் சிரிக்க அவமானப்பட வேண்டும். கர்த்தரிடம் அவன் கேட்டதெல்லாம் அதுதான்.

எண்பத்துநாலில் சேவியர் என்பவன் ஸ்டேஷன் ரோட்டில் வீடியோ கேம் கடை போட்டான். பம்பாயிலிருந்து பழைய மெஷின் ஒன்று வந்து இறங்கியது. வேறு கிரகத்திலிருந்து பூமியைப் பிடிக்க வரும் டோர்கா என்ற பச்சை ராட்சசனை இடது கண்ணில் சுட்டுக் கொல்ல வேண்டும். வேறெங்கே சுட்டாலும் சாகமாட்டான். திரையில் அவன் நாலு கட்டமும் இரண்டு புள்ளியுமாகத்தான் தெரிந்தான்.

"இவனப் பாத்தா பூசணிக்கா மாதிரி இருக்கு. பெட்டி மேல பெரிசா ஒரு மூஞ்சி போடு நார்மன். பாத்தவன் கொலைவெறியில உள்ள வரணும்" என்றான் சேவியர்.

கொலைவெறிக்கு நார்மன் எங்கேயும் தேடிப் போகவேண்டியிருக்கவில்லை. கொம்பு, பச்சைத் தோல், கோரைப்பல் எல்லாம் வைத்தான். ஆனால் புடைத்த மூக்கும், வெட்டுப்பட்ட மோவாயும், கண்மேல் சரிந்த புருவமும் அச்சு அசல் மாடசாமி. இடது கண்ணைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு, கீழே இந்தியில் 'ஆங்க் பே மார்' என்று எழுதினான். கண்ணில் அடி. எழுதி முடித்ததும் வயிறு குளிர்ந்துபோயிற்று.

கடை பிய்த்துக்கொண்டு ஓடியது. ஆட்டத்தில் தோற்றவன் ஒவ்வொருவனும் போகிறபோக்கில் அந்தப் படத்தைக் குத்தினான், காறித் துப்பினான். ஒரு நாள் மாடசாமி அந்தப் பக்கம் போகையில் எவனோ "டோர்கா!" என்று கத்தினான். மறுநாளிலிருந்து தெருவே கத்தியது. மாடசாமி கடைக்குள் புகுந்து படத்தைப் பார்த்தார். அங்கிருந்து நேரே நார்மன் வீட்டுக்கு வந்து, அவன் கழுத்தைச் சுவரோடு வைத்து நெரித்தார்.

"ஏல, என் மூஞ்சியவா வரஞ்சு வச்சிருக்க? நாளைக்கும் அது அங்க இருந்துச்சு, ஒன் கைய முறிச்சிருவேன், பாத்துக்க."

"அது ராட்சசன் அண்ணாச்சி. நீங்க ஏன் ஒங்கள மாதிரின்னு நெனைக்கிய?" மூச்சுத் திணறியபடியே நார்மன் சிரித்தான். அந்தச் சிரிப்புக்கு வயிற்றில் ஓர் உதை விழுந்தது.

படம் அழியவில்லை. ரங்கபஞ்சமி வந்துவிட்டது. அன்றைக்கு யார் முகத்தில் யார் வண்ணம் பூசினாலும் கோபிக்கக் கூடாது. மாடசாமி வெள்ளைச் சட்டையோடு சைக்கிளில் வந்துகொண்டிருந்தார். நார்மன் வண்ணப்பொடியைத் தொடவில்லை. டோர்காவுக்குப் பூசி மிஞ்சிய பச்சை பெயின்ட்டை இரண்டு கையாலும் அள்ளி, அவர் முகம் முழுக்க அப்பினான்.

"கோவிச்சுக்கப்படாது அண்ணாச்சி, ரங்கபஞ்சமி!"

தெரு விழுந்து விழுந்து சிரித்தது. நார்மன் இத்தனை வருடம் ஏங்கிய சிரிப்பு அது. அதை முழுசாக அனுபவிக்கக்கூட நேரம் கிடைக்கவில்லை. மாடசாமி சைக்கிளைப் போட்டுவிட்டு அவன்மேல் பாய்ந்தார். பச்சை முகம், வெறித்த கண், கடித்த பல். பெட்டியிலிருந்து ராட்சசனே இறங்கி வந்தது மாதிரிதான் இருந்தது.

"டோர்கா ஆலா! மாரா!" டோர்கா வந்துவிட்டான், அடியுங்கள் என்று கூட்டம் மராத்தியில் கத்தியது.

முதல் கல் மாடசாமியின் தோளில் பட்டது. அடுத்தது நெற்றியைப் பிளந்தது. சைக்கிள் பம்பால் ஒருவன் முழங்காலில் போட, ஆள் சரிந்தார். விழுந்தவரை உதைத்தார்கள். பாங்குப் போதை ஏறிய கண்ணும் வண்ணம் பூசிய முகமுமாக யார் யாரென்றே தெரியவில்லை. "ஆங்க் பே மார்!" என்று ஒரு குரல் எழுந்தது. நார்மன் "போதும்! விடுங்கடா, பாவிகளா!" என்று தமிழில் அலறிக்கொண்டே கூட்டத்துக்குள் புகுந்தான். அந்தக் கும்பலில் தமிழ் யாருக்குத் தெரியும்? சோடா பாட்டிலின் உடைந்த கழுத்து மாடசாமியின் இடது கண்ணில் இறங்கியது. பச்சை மேல் சிவப்பு வழிந்தது.

போலீஸ் வருவதற்குள் கூட்டம் கலைந்துவிட்டது. அன்று மாலையே நார்மன் கறுப்பு பெயின்ட்டோடு ஓடிப்போய்ப் படத்தை மெழுகினான். அதற்கு முன்பே எவனோ ஆணியால் அதன் இடது கண்ணைத் தோண்டியிருந்தான்.

"மூஞ்சி எதுக்கு இனிமே? அதான் பசங்க வாயில ஏறிடுச்சே" என்றான் சேவியர்.

அவன் சொன்னது சரிதான். மெஷின் பழைய இரும்புக்குப் போயிற்று, கடை மூடிப்போயிற்று, டோர்கா மட்டும் போகவில்லை. ஒருவனைத் துரத்தி மற்றவர்கள் கல்லெறியும் விளையாட்டுக்கே அந்தப் பேர் வந்துவிட்டது.

எண்பத்தொன்பதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நார்மன் தன் மகள் ஈனிட்டோடு சர்ச்சிலிருந்து வந்துகொண்டிருந்தான். எதிரே கறுப்புக் கண்ணாடியும் தடியுமாக மாடசாமி. அந்த மெஷினைக் கண்ணாலும் பார்த்திராத பிள்ளை குனிந்து ஒரு கல்லை எடுத்தாள்.

"டோர்கா! ஆங்க் பே மார்!"

கல் கண்ணாடியில் பட்டுத் தெறித்தது. நார்மன் தன்னை மறந்து அறைந்தான். நடுத்தெருவில், அத்தனை பேரும் பார்க்க. ஈனிட்டின் உதடு கிழிந்து வெள்ளை கவுனில் ரத்தம் சொட்டியது. யாரோ சிரித்தார்கள்.

"ஏல, யாருல அது? சின்னப் புள்ளய ஏம்ல அடிக்க?" என்று மாடசாமி மிஞ்சியிருந்த மங்கல் கண்ணால் துழாவினார்.

ஈனிட் அழவில்லை. உதட்டைத் துடைத்து விரலைப் பார்த்தாள். பிறகு அப்பாவைப் பார்த்துக்கொண்டே பின்னால் நகர்ந்து, இன்னொரு கல்லை எடுத்தாள்.

"நீதாம்ப்பா டோர்கா."

அவள் எங்கே குறிவைக்கிறாள் என்று நார்மனுக்குத் தெரிந்தது. அவன் கையை உயர்த்தவில்லை.