ஆறரை மணி கோர்ட்

வேலையில் இருந்தவரை நான் பஸ் டிப்போவில் டைம்கீப்பர். ஒரு நிமிடம் பிந்தி வந்த டிரைவரைக்கூட நிற்கவைத்துக் கேள்வி கேட்டவன். ரிட்டயர் ஆன மறுநாளிலிருந்து என்னிடம் மணி கேட்க ஒரு நாதி இல்லை. மகனும் மருமகளும் காலை எட்டு மணிக்குக் கதவைச் சாத்திக்கொண்டு போனால் இருட்டிய பிறகுதான் திரும்புவார்கள். நடுவில் யாரோடாவது பேச வேண்டுமென்றால் ஃப்ரிட்ஜோடுதான் பேச வேண்டும்.

எனக்கென்று மிச்சம் இருந்தது காலை ஆறரையிலிருந்து ஏழரை வரை, ஷட்டில் அரங்கத்தின் மூன்றாம் நம்பர் கோர்ட். எதிர்ப்பக்கம் கரண்ட் ஆபீஸ் லைன்மேனும் வாத்தியாரும். இரண்டு பேருமே ரிட்டயர்டு, வாய் மட்டும் இன்னும் சர்வீஸில் இருந்தது. என் பக்கம் டெய்லர். வலையோரம் அவர், பின்னால் நான். ஷட்டில்காக் எங்கள் இருவருக்கும் நடுவில் விழுந்தால் உடனே இடது கையால் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டுவார். தப்பு தன்னுடையதாம். நான் வலைக்குள் அடித்துக் கெடுத்ததற்கும் அவரே நெஞ்சைத் தொடுவார். ‘விடுங்க டெய்லர், என் தப்பு’ என்று நான் ஒரு நாளும் சொன்னதில்லை. சௌகரியமாக இருந்தது, விட்டுவிட்டேன்.

அது வயதானவர்களுக்கென்று ஒதுக்கிய நேரம். நாலு பேரும் வந்து ஆட வேண்டும். மாதத்தில் மூன்று நாள் ஆள் குறைந்தால் கோர்ட் பயிற்சி வகுப்புக்குப் போய்விடும். ஏழு மணிக்கு மேனேஜர் வந்து தலை எண்ணுவார். அந்த மாதம் லைன்மேனின் மூட்டுவலியால் இரண்டு நாள் ஏற்கெனவே போயிருந்தது.

மாதக் கடைசி நாள். ஷூ லேஸைக் கட்டிக்கொண்டிருந்தபோது ஃபோன் அடித்தது. டெய்லரின் மனைவி. டெய்லர் கோர்ட்டுக்கு ஃபோன் எடுத்துவரும் ஆள் இல்லை.

“அண்ணே, நேத்து எடுத்த டெஸ்ட்டைப் பாத்துட்டு டாக்டர் இப்பதான் கூப்பிட்டாரு. பிரஷர் எக்கச்சக்கமா இருக்காம். ஓடவே கூடாதாம், உடனே கூட்டிட்டு வரச் சொல்றாரு. கொஞ்சம் சொல்லி அனுப்பிடுங்கண்ணே.”

“சரிம்மா, நான் பாத்துக்கறேன்.”

நிமிர்ந்தேன். டெய்லர் கைகளைச் சுழற்றிக்கொண்டிருந்தார். சுவர்க் கடிகாரத்தில் ஆறு முப்பத்திரண்டு. இப்போது அனுப்பினால் ஏழு மணிக்கு மூன்று தலைதான் இருக்கும். அரை மணி நேரம்தானே, மேனேஜர் எண்ணிவிட்டுப் போகட்டும், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

“யாரு ஃபோன்ல?” என்றார் டெய்லர்.

“மருமக. சாவி எங்கன்னு கேக்கறா. சர்வீஸ் போடுங்க.”

பதினேழுக்குப் பதினேழு. லைன்மேன் வலையை ஒட்டி மெதுவாக ஒன்றைப் போட்டார். டெய்லர் குனிந்தார், எடுக்கவில்லை. பேட் கையிலிருந்து நழுவி விழுந்தது.

“என்ன டெய்லர், தூங்கறீங்களா?” என்று கத்தினேன்.

அவர் என் பக்கம் திரும்பினார். வாய் ஒரு பக்கமாகக் கோணியிருந்தது. அப்படியே சரிந்தார். ஏழு மணிக்கு மேனேஜர் வந்தபோது நாங்கள் நாலு பேரும் கோர்ட்டில்தான் இருந்தோம்.

மூன்று வாரம் கழித்து மூவரும் பார்க்கப் போனோம். தையல் மெஷினை ஓரம் தள்ளிவிட்டு அந்த இடத்தில் கட்டில் போட்டிருந்தார்கள். வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது, பேச்சும் இல்லை. சொல்வதெல்லாம் புரிகிறது என்று டாக்டர் சொன்னாராம். அவர் வாயைத் துடைத்துவிட்டு மனைவி என்னைப் பார்த்தார்.

“அண்ணே, ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அன்னிக்கு நான் சொன்னத இவர்ட்ட சொன்னீங்கதானே?”

அந்த ஃபோனைப் பற்றி லைன்மேனுக்கும் வாத்தியாருக்கும் அப்போதுதான் தெரிந்தது. இருவரும் என்னையே பார்த்தார்கள். வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிட பயம் அதிகமாக இருந்தது.

“சொன்னேம்மா. இவர்தான் ஒரு ஆட்டம் முடிச்சிட்டுப் போறேன்னாரு.”

“பாவி மனுஷா, என் நெனப்பே வரலையா உங்களுக்கு?” என்று அந்த அம்மா கட்டில் விளிம்பில் தலையை முட்டிக்கொண்டு அழுதார்.

டெய்லர் என்னைப் பார்த்தபடியே இருந்தார். இல்லை என்று தலையசைக்க அவரால் முடியும். அசைக்கவில்லை. இடது கை மெல்ல மேலே வந்து நெஞ்சைத் தொட்டது.

“என்னங்க, நெஞ்சு வலிக்குதா?” அவர் மனைவி பதறிக்கொண்டு தடவிவிட்டார்.

வாத்தியார் தலையைக் குனிந்துகொண்டார். லைன்மேன் எழுந்து வெளியே போய்விட்டார். டெய்லரின் கை இன்னும் நெஞ்சின் மேலேயே இருந்தது. அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்கலாம்.

“நேரமாச்சும்மா, வரேன்” என்று எழுந்தேன். நாலாவது ஆள் இல்லாமல் கோர்ட் பயிற்சி வகுப்புக்குப் போய் இரண்டு வாரத்துக்கு மேல் ஆகிவிட்டது. வீட்டில் ஃப்ரிட்ஜைத் தவிர எனக்காக யாரும் காத்திருக்கவில்லை.