பதுங்குகுழிக்கு ஒரு மூடி

எங்கள் குடும்பத்து மூக்கை மறைக்க முடியாது. அப்பாவிடமிருந்து எனக்கும் என் தம்பிக்கும் வந்தது. நடுவில் உடைந்து ஒட்டியதுபோல் வளைந்து, நுனி மேலுதட்டை எட்டிப் பார்க்கும். அந்த மூக்கு வார இதழில் அச்சாகி வந்ததால்தான், இந்த வயதில் நான் பேருந்து மாறி மாறி ஒரு ஆளைத் தேடிப் போக வேண்டியதாயிற்று.

தம்பி ராணுவத்தில் சமையல்காரனாக இருந்தான். கடல் கடந்து போன படையோடு போய், அங்கேயே வயிற்று நோயில் இறந்தான். அவனோடு ஒரே கூடாரத்தில் இருந்த சிப்பாய் ஒருவர் அஞ்சலட்டைகளில் வேடிக்கைப் படம் வரைகிறவர். அந்தப் பழைய அட்டைகளை இதழ் ஒன்று இப்போது வாரத்துக்கு ஒன்றாகப் போட்டுக்கொண்டிருந்தது. எந்தச் சிப்பாய் வீட்டுக்குப் போன அட்டையானாலும் பீப்பாய் என்றொரு குண்டுச் சமையல்காரன் அதில் வருவான். ஒன்றில் தலைக்கு மேல் விமானங்கள் குண்டு போடுகின்றன. பீப்பாய் உருளைக்கிழங்கு மூட்டைமேல் உட்கார்ந்து தோல் சீவியபடி, “இன்னும் ஒரு மூட்டை பாக்கி, அப்புறம் வந்து போடுங்கப்பா” என்கிறான். இன்னொன்றில் பதுங்குகுழியின் வாயில் இடுப்போடு சிக்கிக்கொண்டிருக்கிறான். நாலு பேர் கையைப் பிடித்து இழுக்கிறார்கள். அதிகாரி சொல்கிறார்: “விடுங்க, குழிக்கு மூடி வேணும்னு கேட்டுக்கிட்டே இருந்தோம்ல.”

பீப்பாயின் முகத்தில் எங்கள் மூக்கு.

நான் நீதிமன்றத்தில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். நான் நடந்து வந்தால் தெருவில் பேச்சுச் சத்தம் குறையும். அதே தெருவில் இப்போது தேநீர்க் கடையிலிருந்து ஒருவன், “பீப்பாய்க்கு அண்ணன்னு சொல்றாங்க, இவர் குழாய் மாதிரி இருக்காரே” என்றான். உள்ளே நாலைந்து பேர் சிரித்தார்கள். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

தம்பி மனைவி எங்கள் வீட்டில்தான் இருக்கிறாள். அவன் அனுப்பிய மூன்று அட்டைகளையும் அந்தச் சித்திரக்காரருக்கு அவளே அனுப்பி வைத்திருக்கிறாள், என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல்.

“படம் போட்டவரே எழுதிக் கேக்கறப்ப எப்படி மாமா இல்லேங்கிறது?”

“ஊரே சிரிக்குதும்மா.”

“சிரிக்கத்தானே மாமா போட்டது?”

அட்டைகள் எல்லாம் சேர்ந்து புத்தகமாகின்றன, திங்கள்கிழமை அச்சுக்குப் போகின்றன என்பதையும் அவள்தான் சொன்னாள். வார இதழ் என்றால் பொட்டலம் கட்டப் போய்விடும். புத்தகம் அப்படிப் போகாது. என் காலத்துக்குப் பிறகும் அலமாரியில் நின்று எங்களைப் பார்த்துச் சிரிக்கும். பீப்பாயை அதிலிருந்து எடுக்க வைத்தே தீருவது என்று கிளம்பினேன். எனக்குத் தம்பிமேலும் கோபம்தான். போருக்குப் போனவன் மெலிந்து வருவான், காயத்தோடு வருவான். இவன் தின்று கொழுத்து, அதைப் படமாகவும் போட்டு வீட்டுக்கு அனுப்பினான்.

சித்திரக்காரர் இப்போது பெயர்ப்பலகை எழுதுகிறார். மிதிவண்டிக் கடைக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட ஒரே அறை. சுவரில் பல் மருத்துவர் ஒருவருடைய பலகை சாய்ந்திருந்தது. ஆளுயரப் பல், பாதிக்கு மட்டும் வெள்ளை அடித்தபடி நின்றது. டர்பன்டைன் நெடி தொண்டையைப் பிடித்தது. பல்லின் வேர்களுக்குச் சாம்பல் நிழல் கொடுத்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். என்னைவிடச் சின்னவர், என்னைவிடத் தளர்ந்திருந்தார்.

“வாங்கண்ணே,” என்றார். “யாருன்னு நீங்க சொல்லவே வேண்டாம். மூக்கே சொல்லுது.”

“அந்த மூக்கைப் பத்திப் பேசத்தான் வந்திருக்கேன்.”

“உட்காருங்க. அந்த நீல ஸ்டூல் வேண்டாம், பெயின்ட் காயல.”

நான் நின்றுகொண்டே பேசினேன். “எங்க வீட்டுல யாரும் ஊர் சிரிக்க வாழ்ந்ததில்ல. செத்துப்போனவன் எந்திரிச்சு வந்து கேக்க முடியாது. அதனால நான் கேக்கறேன். பீப்பாய் புத்தகத்துல வரக்கூடாது.”

அவர் மறுத்துப் பேசவில்லை. “கை வேலையா இருக்கும், தப்பா நினைக்காதீங்க. பலகைக்குச் சாயங்காலம் வண்டி வந்துடும்,” என்று தூரிகையைச் சாம்பல் நிறத்தில் தோய்த்தார். “பீப்பாய் இல்லேன்னா புத்தகமே இல்லண்ணே. பரவாயில்ல. எனக்கும் அலுத்துப்போச்சு. நீங்க சொன்னா நிறுத்திடறேன். ஆனா அது நானா போட்ட உருவம் இல்ல. அவன் கேட்டது.”

“என்ன கேட்டான்?”

“அங்க கடிதம் எழுதினா அதிகாரி ஒருத்தர் படிச்சுட்டுக் கத்தரி போடுவார். வீடு போய்ச் சேரும்போது காகிதத்துல எழுத்தைவிட ஓட்டைதான் அதிகம். படம் போட்ட அட்டைன்னா சிரிச்சுட்டு விட்டுடுவார். அதனால எல்லாரும் எங்கிட்ட வந்து நிப்பானுங்க. எப்படிப் போடணும்னு அவனவனே சொல்லுவான். விரல் போனவன், கையைப் பாக்கெட்டுல விட்டமாதிரி போடுன்னான். பல்லு கொட்டினவன், வாயை மூடிப் போடுன்னான். உங்க தம்பி, என்னைக் குண்டாப் போடுடான்னான்.”

“ஏன், குண்டாத்தானே இருந்தான்?”

அவர் தூரிகையை வைத்துவிட்டு எழுந்து, பெயின்ட் டப்பாக்களுக்குப் பின்னாலிருந்து ஒரு தகரப் பெட்டியை இழுத்தார். அதிலிருந்து அவர் எடுத்துக் கொடுத்த அட்டையில் வெறும் பென்சில் கோடுகள். வேடிக்கை எதுவும் இல்லை. மடக்குக் கட்டில் ஓரத்தில் ஒருவன் உட்கார்ந்திருந்தான். சட்டைக் காலருக்குள் குச்சி நட்டதுபோல் கழுத்து. முழங்கையில் எலும்பு துருத்திக்கொண்டிருந்தது. கன்னம் வற்றிப்போனதில் மூக்குதான் முகமாக இருந்தது.

“போன கொஞ்ச நாள்லயே வயித்துல எதுவும் தங்கல அவனுக்கு. படைக்கே சமைப்பான், இவனுக்கு ஒரு வாய் இறங்காது. ‘பொண்டாட்டி பார்த்தா அழுவா. அண்ணன் பார்த்தா கப்பல் ஏறி வந்து கர்னலோட சண்டைக்கு நிப்பார். நல்லா ஊதிப் போடுடா’ம்பான். ஒவ்வொரு தடவையும், போன அட்டையைவிடக் கொஞ்சம் பெருசா வேணும்பான். அவன் இளைக்க இளைக்கப் பீப்பாய் பெருத்துக்கிட்டே போனான்.”

நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

“அண்ணே, அந்த ஸ்டூல்.”

“இருக்கட்டும்,” என்றேன்.

அவர் என் கையிலிருந்த அட்டையைக் காட்டினார். “ஒண்ணு பண்ணலாம். புத்தகத்தோட கடைசிப் பக்கத்துல இதைப் போட்டுடலாம், ஆள் நிஜத்துல இப்படித்தான் இருந்தான்னு. அப்புறம் ஒருத்தன் உங்களைப் பார்த்து வாயைத் திறக்க மாட்டான்.”

திறக்க மாட்டார்கள்தான். நான் போகும்போது எழுந்துகூட நிற்பார்கள். எங்கள் குடும்பத்துக்குச் சேர வேண்டிய மரியாதை முழுவதும் அந்த ஒரு அட்டையில் இருந்தது. அதைத் தம்பி மனைவி பார்ப்பாள் என்பதும் இருந்தது. எதை அவள் கண்ணில் படாமல் வைக்க அவன் அவ்வளவு பாடுபட்டானோ, அதை நானே கொண்டுபோய் அவள் கையில் கொடுப்பதா?

“வேண்டாம்,” என்றேன்.

“அப்ப பீப்பாய்?”

“இருக்கட்டும். எல்லாத்தையும் போடுங்க. வீட்டுக்கு அவன் சொல்லி அனுப்பினது அதுதான். எங்க வீட்டுல ஒருத்தர் சொன்னதை இன்னொருத்தர் பொய்யாக்க மாட்டோம்.”

“இந்த அட்டை?”

“உங்ககிட்டயே இருக்கட்டும். யாருக்கும் காட்ட வேண்டாம்.”

அவர் தலையாட்டிவிட்டுப் பல்லிடம் திரும்பினார். வேலை செய்தபடியே சொன்னார்: “குழியில மாட்டிக்கிட்ட படத்துக்கு அவன் எப்படிச் சிரிச்சான் தெரியுமா? சிரிச்சா வயிறு வலிக்கும் அவனுக்கு. பிடிச்சுக்கிட்டே சிரிச்சான்.”

திரும்பி வரும்போது பேருந்தில் உட்கார இடம் கிடைத்தும் நின்றுகொண்டே வந்தேன். துணியெல்லாம் நீலம். வீட்டில் தம்பி மனைவி கதவைத் திறந்து, முதலில் என் முகத்தைத்தான் பார்த்தாள்.

“எடுத்துடறேன்னாரா மாமா?”

“இல்லம்மா. எல்லாமே வருது. நமக்கு ஒரு புத்தகம் அனுப்பச் சொல்லியிருக்கேன்.”

அவள் தண்ணீர் கொண்டுவந்தாள். நான் குடித்து முடிக்கும்வரை நின்றாள்.

“இங்கேருந்து போறப்ப ஒல்லியாத்தான் போனார். நிஜமாவே அங்க அவ்வளவு குண்டா ஆயிட்டாரா? அதைப் படம் போட்டவர்கிட்ட கேட்டீங்களா மாமா?”

“கேட்டேன். படத்துல கொஞ்சம் குறைச்சுத்தான் போட்டிருக்காராம்,” என்றேன். “சாப்பாட்டுக்கு அங்க ஒரு குறையும் இல்லையாம்.”

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் பார்வையை விலக்கவில்லை.

“அப்ப சரி மாமா,” என்று டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.