கால் மணி நேர அதிகாரம்

கணினிப் பிரிவின் தலைவர், முதுகுக்குப் பின்னால் எல்லோருக்கும் ‘சிடுமூஞ்சி சார்’, தன் மருத்துவமனையிலேயே மண்டையைத் திறந்து படுத்திருந்த நேரத்தில் அறுவை அறைத் திரை இருண்டது. மூளைப் படங்களைத் தரும் சர்வர் மூச்சுப் பேச்சில்லாமல் நின்றுவிட்டது. படம் இல்லாமல் கத்தியை ஒரு நூல்கூட நகர்த்த முடியாது, சீக்கிரம் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார்.

சாருக்குக் கீழே வேலை பார்க்கும் அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சர்வரை எழுப்புவது அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடுதான். ஆனால் அதற்கு நிர்வாக அதிகாரம் வேண்டுமே! அது அங்கே யாரிடமும் நிரந்தரமாக இருக்காது. ஒருவர் கேட்க வேண்டும். இன்னொருவர் தன் போனில் விரல் வைத்துச் சம்மதிக்க வேண்டும். கால் மணி நேரம் கிடைக்கும், பிறகு தானாகப் பறிபோகும். கேட்கவும் சம்மதிக்கவும் உரிமை உள்ளவர்கள் சாரும் அவளும் மட்டுமே. தான் கேட்டதற்குத் தானே சம்மதிக்கவும் முடியாது. எல்லாம் சார் போட்ட சட்டம். அவரே அறுவை மேசையில் கிடந்தால் என்ன செய்வது என்று அவரும் அவளுமாகிய அந்த இரண்டு அதிபுத்திசாலிகளுக்கும் தோன்றவே இல்லை.

லேப்டாப்போடு வராந்தாவுக்கு ஓடினாள். சாரின் மனைவி கைப்பையை அணைத்தபடி உட்கார்ந்திருந்தார்.

“அக்கா, சார் போனைக் குடுங்க. நர்ஸை விட்டு அவர் விரலை வைக்கச் சொல்றேன்.”

உள்ளே போன போன் அப்படியே திரும்பி வந்தது. குளிர்ந்து வெளிறிய விரலை அது ஏற்கவில்லையாம்.

அவள் சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள். இத்தனை பாதுகாப்பும் ஒரு மனுஷனைச் சாகடிக்கவா?

“ஏம்மா,” அக்கா குரலைத் தாழ்த்தினார். “என் விரலும் அந்த போன்ல பதிஞ்சிருக்கு.”

அவள் நிமிர்ந்தாள். பாஸ்வேர்டைப் பக்கத்து மேசைக்காரனிடம் சொன்னதற்காக ஒருவனை வேலையை விட்டே அனுப்பிய மனுஷன்! ஊருக்குத்தான் உபதேசம்.

“பேத்தி போட்டோ பாக்கணும்னு நான்தான் நச்சரிச்சு வைக்க வச்சேன். யார்கிட்டயும் மூச்சு விடாதேன்னாரு. தெரிஞ்சா அவர் வேலை போயிடுமா?”

பொய் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. “போயிடும்க்கா. மயக்கத்துல இருந்தப்போ அவரே சம்மதிச்சதாப் பதிவாகும். மறைக்க முடியாது. எனக்கும் போகும்.”

“போகட்டும். வீட்டுல சும்மா உக்காந்திருக்கட்டும். உக்கார ஆள் வேணுமில்ல?”

அக்கா விரலை அழுத்தினார்.

கால் மணி நேரம் தீர்வதற்குள் அவள் சர்வரை எழுப்ப, உள்ளே திரை வெளிச்சமானது. அவள் அதைச் சொன்ன பிறகும் அக்கா போனிலிருந்து விரலை எடுக்கவில்லை.