ஈரத் தீப்பெட்டியின் பத்தாவது பாட்டு

திருத்தணியில் விசைத்தறி ஓட்டும் துளசிங்கத்தின் மகள் தேவிப்பிரியாவுக்கு அப்போது பதினாறு வயது. அந்தப் பதினாறு எந்தக் கதவிலும் செல்லுபடியாகவில்லை என்பதுதான் அவளுடைய ஆத்திரம்.

சென்னையில் நான்கு பையன்கள் சினிமாப் பாட்டைத் தொடாமல், தாங்களே எழுதித் தாங்களே மெட்டுப் போட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள். குழுவின் பெயர் ஈரத் தீப்பெட்டி. ஒன்பது பாட்டுடன் ஒரு கேசட் வந்திருந்தது. தேவிப்பிரியா அதைப் போட்டுத் தேய்த்த தேய்ப்பில் எதிர் வீட்டு நாய் மூன்றாம் பாட்டின் சரணத்தில் தவறாமல் சரியான இடத்தில் குரைக்கப் பழகிவிட்டது.

ஆனால் பத்தாவது என்று ஒரு பாட்டு இருந்தது. அதை மேடையில் மட்டும்தான் பாடுவார்களாம். அதைக் கேட்க ஒருமுறை லோக்கல் ரயில் பிடித்துச் சென்னைக் கல்லூரி ஒன்றுக்குப் போனாள். அடையாள அட்டை கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். இன்னொரு முறை ஒரு ஓட்டல். அங்கே அட்டைகூடக் கேட்கவில்லை, முகத்தைப் பார்த்தே அனுப்பிவிட்டார்கள்.

இரண்டாயிரத்து மூன்றில் பாட்டே அவளைத் தேடி ஊருக்கு வந்தது. அரக்கோணம் சாலையில் கோதண்டபாணி என்பவர் ஏ.சி. பாரோடு ஒரு லாட்ஜ் திறந்தார். குழுவில் பாடுகிற ஹரீஷ் அவருடைய தங்கை மகன். திறப்பு விழா மாலையில் ஈரத் தீப்பெட்டி பாடும், அடுத்த வாரம் ஹரீஷ் அமெரிக்காவுக்கு வேலைக்குப் போகிறான், குழு கலைகிறது. இன்றைக்கு விட்டால் பத்தாவது பாட்டு கிடையாது.

தேவிப்பிரியா அம்மாவின் பட்டுப்புடவையைக் கட்டி, கொண்டை போட்டு, யாருடையதோ ஒரு மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். "நைனா கூட வந்தாதான் போவணும்" என்று அம்மா சந்திரா சொல்லிவிட்டதால் துளசிங்கமும் கிளம்பினார். தறிச் சத்தத்தில் அவருக்குக் காது போய் வெகுகாலம் ஆயிற்று. பக்கத்துக் கொல்லையில் கிணற்றுக்கு வெடி வைத்தபோது "யாரோ கதவத் தட்றாங்க பாரு" என்று சொன்ன மனிதர்.

லாட்ஜ் வாசலில், வாசலுக்குச் சமமான அகலத்தில், சந்திராவின் சித்தப்பா மகன் பங்காரு நின்றுகொண்டிருந்தான்.

"மாமா! நீங்க இங்க இன்னா பண்றீங்க?"

"காலைலதான் வேலைக்குச் சேந்தேன். இருவத்தொண்ணுக்குக் கீழ யாரையும் உள்ள உடக்கூடாதாம். நீ எங்க பாப்பா, அம்மா பொடவையச் சுத்திகினு?"

"எனக்கு இருவத்திரண்டு."

பங்காரு சிரிக்கவில்லை. "மலை மேல உனக்குக் காது குத்தினப்ப மடியில வெச்சிகினு ஒக்காந்தது யாரு? அன்னிக்கு நீ நனைச்ச வேட்டி இன்னும் ஊட்ல இருக்குது. என்கிட்டயே வயசு சொல்ற?"

மாமன் மடியில் உட்கார வைத்துக் காது குத்துகிற ஊரில் வயதை ஏற்றிச் சொல்வது நடக்கிற காரியமல்ல.

"நீ வா பாவா" என்று அவன் அக்காள் கணவரான துளசிங்கத்தின் தோளைப் பிடித்தான். "உனக்கு இருவத்தொண்ணு ரெண்டு தபா ஆயிடுச்சி."

"இன்னா?"

"உள்ள வா!"

"ஆங்" என்று துளசிங்கம் உள்ளே போய்விட்டார். பின்னாலிருந்து மகள் "நைனா! நைனா!" என்று கத்தியது கேட்க அவருக்குக் காது வேண்டுமே.

தேவிப்பிரியா கட்டடத்தைச் சுற்றி ஓடினாள். பின்பக்கம் முழுதும் கண்ணாடி. கண்ணாடியை ஒட்டி மேடை. வியர்வையில் நனைந்த சட்டையோடு ஹரீஷின் முதுகு கைக்கெட்டும் தூரத்தில் ஆடிக்கொண்டிருந்தது. ஏ.சி. குளிர் வெளியே போகக்கூடாதென்று அடைத்திருந்ததில் ஒரு சொட்டுச் சத்தம்கூட வரவில்லை. எதிரே, முதல் வரிசையில், கையில் எலுமிச்சை சோடாவோடு நைனா.

துளசிங்கம் மகளைப் பார்த்துவிட்டார். நான்கு தறி ஓடுகிற வீட்டில் யார் பேசுவதும் யாருக்கும் கேட்காது. உதட்டாலும் விரலாலும்தான் பேச்சு. அந்த வீட்டில் சண்டைகூடச் சத்தமில்லாமல்தான் நடக்கும். தேவிப்பிரியா எழுத்துக்கு முன்னால் உதடு படித்தவள்.

"பத்தாவது பாட்டு" என்று அவள் உதட்டை அசைத்தாள்.

அவர் ஹரீஷின் வாயை உற்றுப் பார்த்தார். "இதான். கேசட்ல இல்லாததுன்னு சொல்றான்" என்றது அவர் உதடு. பிறகு அவன் பாடப் பாட, தறியில் பூட்டிய பாவில் இழை எண்ணுகிற முகத்தோடு சொல்லிக்கொண்டே வந்தார்:

"ஜன்னல் சீட்டு கெடச்ச அன்னிக்கு... வெளிய பாக்க ஒண்ணுமில்ல... எதிர் சீட்ல நீ ஒக்காந்து..."

அவ்வளவுதான். உதடு மூடிக்கொண்டது. சோடாவைப் பார்த்தார். இரண்டு விரலைச் சேர்த்துப் பிரித்துக் காட்டினார். தறிக்கூடத்தில் அதற்கு, இழை அறுந்துவிட்டது, தறியை நிறுத்து என்று பொருள்.

உள்ளே எதுவும் நிற்கவில்லை. ஹரீஷின் தோள் குலுங்கியது. ஆட்கள் விசிலடித்தார்கள். நைனாவே நாற்காலியை மேடைக்கு இன்னும் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். தேவிப்பிரியா இரண்டு கையாலும் கண்ணாடியை அறைந்தாள்.

"தட்டாத பாப்பா, புதுசு" என்று பங்காரு மூலையிலிருந்து எட்டிப் பார்த்தான்.

வீடு போகிற வழியெல்லாம் அவள் நைனாவின் முகத்துக்கு நேரே பின்னோக்கி நடந்தாள், அவர் படிக்க வசதியாக.

"ஒக்காந்து? அப்பறம்?"

"இழை அறுந்துபோச்சிமா."

"அந்தாளு பாடிகினேதான இருந்தாரு!"

"சோடா குடிச்சிகினு இருந்தேன், பாக்கல."

"மெட்டாவது எப்பிடின்னு..."

"மெட்டு உதட்ல தெரியுமா? நல்லா கேக்கறியே."

வீட்டில் சந்திரா அடுப்பைத் துடைத்துக்கொண்டே, "இன்னாதான் பாடினானுங்க?" என்று கேட்டாள். துளசிங்கம் அவள் காதருகே குனிந்து, மகள் படித்துவிடாதபடி வாயைக் கையால் மறைத்துக்கொண்டு, சொன்னார். நிறைய நேரம் சொன்னார். சந்திரா முந்தானையை வாயில் அடக்கிச் சிரித்தாள். அடுப்பங்கரைச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"இன்னாம்மா அது?"

"உனக்கு வேணாம்டி" என்றாள் சந்திரா கண்ணைத் துடைத்துக்கொண்டு. "வயசு ஆவட்டும்."

தேவிப்பிரியா பட்டுப்புடவையோடு தறிக்கூடத்துக்குப் போய் நான்கு தறியையும் ஓடவிட்டாள். அந்த இரைச்சலின் நடுவே நின்று, லாட்ஜ், மாமன், சோடா, பெற்ற தகப்பன் என்று ஒருவர் விடாமல் வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்த்தாள். அவள் காதுக்கே ஒரு வார்த்தையும் கேட்கவில்லை.

துளசிங்கம் மட்டும் வாசற்படியில் வந்து நின்று பார்த்துவிட்டு, "ஏய், நைனாவப் போயி அந்த வார்த்தை சொல்லலாமா?" என்று உதட்டை அசைத்தார்.