மரத்தில்தான் கோடு இருக்கே

டேப்பக்காவுக்குக் கோபம் வந்தால் கல்லூரியே கப்சிப். இயற்கை வள மேலாண்மை படிக்கும் பிள்ளைகளுக்காகக் கல்லூரிக்குப் பின்னால் ஒரு தோப்பு, அதில் நூற்றிருபது மரங்கள். வருஷத்துக்கு ஒரு தடவை ஒவ்வொரு மரத்தின் சுற்றளவையும் அளக்க வேண்டும். அளவு நாடாவும் கையுமாகவே அலைவதால் தோப்புப் பொறுப்பாளருக்கு அந்தப் பெயர். ஒன்பது வருஷம் அளந்தாகிவிட்டது. நிர்வாகம் கறாராகச் சொல்லியிருந்தது: பத்து வருஷக் கணக்கு முழுசாக வந்தால் தோப்பு பிழைக்கும், இல்லையென்றால் அங்கே கார் நிறுத்துமிடம்.

பத்தாவது அளவுக்காகத் திங்கட்கிழமை காலை பிள்ளைகளோடு உள்ளே நுழைந்தவளுக்குப் பகீரென்றது. மரத்துக்கு மரம் புத்தம் புதிய சிவப்புக் கோடு. எல்லாம் நூல் பிடித்தாற்போல் ஒரே மட்டத்தில்.

நாடா சுற்ற வேண்டிய இடத்தைக் காட்ட முதல் வருஷம் போட்ட பழைய கோடுகள் அப்படியா இருந்தன? நெஞ்சு உயரத்தில் அளப்பது என்று பேர்தான். முண்டு இருந்த மரத்தில் ஒரு சாண் மேலே, கிளை பிரிந்த மரத்தில் ஒரு சாண் கீழே. கோடு எங்கேயோ அங்கேதான் நாடாவைச் சுற்ற வேண்டும். நாலு விரல் தள்ளிச் சுற்றினால் ஒரு வருஷ வளர்ச்சியே கணக்கில் காணாமல் போய்விடும்.

யார் பார்த்த வேலை என்று கேட்கவே வேண்டாம். கல்லூரிப் பராமரிப்பு மேற்பார்வையாளர் அவளுடைய வீட்டுக்காரரேதான். கோடெல்லாம் மங்கிவிட்டது என்று போன வாரம் சாப்பிடும்போது இவள்தான் புலம்பித் தொலைத்தாள். இவள் தங்கை வீட்டுக்குப் போயிருந்த ஞாயிற்றுக்கிழமை, மனுஷன் லீவையும் பார்க்காமல் கம்பி பிரஷ்ஷால் பழையதைத் தடமே தெரியாமல் சுரண்டி எடுத்து, கயிறு கட்டி மட்டம் பார்த்து அடித்திருக்கிறார். இப்போது விரலெல்லாம் சிவப்புக் கறையோடு தோப்பு வாசலில் நின்று, பாராட்டுக்காகச் சிரித்துக்கொண்டிருந்தார். திட்டவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை. எரிச்சலில் அவளுக்கு அழுகைதான் வந்தது.

"உங்களை யாருங்க சுரண்டச் சொன்னா?"

பழசுக்கு மேலேயே அடித்தால் திட்டுத் திட்டாக இருக்குமே என்றார். விஷயத்தை அவள் சொல்லச் சொல்ல அவர் முகம் சுண்டிப்போனது. பிறகு சட்டென்று தெளிந்தார்.

"கோடு எவ்ளோ உயரத்துல இருந்துச்சுன்னு நோட்டுல எழுதி வச்சிருப்பியே? பார்த்துச் சொல்லு, இன்னைக்கே மாத்தி அடிச்சுடறேன்."

ஒன்பது நோட்டும் பையில்தான் இருந்தன. மரத்தின் எண், சுற்றளவு, தேதி, மழையா வெயிலா, அளந்தவர் கையெழுத்து, எல்லாம் இருந்தது. கோட்டின் உயரம் மட்டும் இல்லை. மூன்றாம் வருஷ நோட்டில் ஒரு மாணவி, அதையும் எழுதலாமா என்று ஓரத்தில் பென்சிலால் கேட்டிருந்தாள். அடியில் டேப்பக்காவின் கொட்டை எழுத்து: மரத்தில்தான் கோடு இருக்கே, வெட்டி வேலை வேண்டாம். அதை வகுப்பில் வாசித்துக் காட்டி எல்லோரையும் சிரிக்க வைத்ததும் நினைவுக்கு வந்தது. தன்னையே நாலு அறை அறையலாம் போலிருந்தது.

நாடாவைப் பிடித்துக்கொண்டு பிள்ளைகள் காத்திருந்தார்கள். எங்கே சுற்ற வேண்டும் என்று ஒருத்தி தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"புதுக் கோட்டுலயே சுத்தும்மா. அதுக்கு முன்னாடி, தரையிலிருந்து அது எவ்ளோ உயரம்னு அளந்து சொல்லு."

பத்தாவது நோட்டில் ஸ்கேல் வைத்து, கோட்டின் உயரத்துக்கென்று புதிதாக ஒரு கட்டம் போட்டாள். அட்டையைத் திருப்பி, வருஷம் என்ற இடத்தில் இருந்த பத்து என்பதை அடித்துவிட்டு ஒன்று என்று எழுதினாள்.