எடைக் குறைப்பு

போளூரில் பள்ளி ஆசிரியை வேலை முடித்து ஆரணியில் பேருந்திலிருந்து இறங்கிய பிரமிளா, காத்திருந்த கணவனின் பைக்கில் வழக்கம்போல் ஒருபக்கமாக அமர எத்தனித்தபோதுதான், அமர்வதற்கு இடமே இல்லை என்பதைக் கண்டாள். நீள இருக்கை போய், ஒருவர் மட்டும் உட்காரத்தக்க சிறு தோல் இருக்கை வந்திருந்தது. அதன் பின்னால் மெல்லிய அலுமினிய மட்கார்டு. அவள் பாதம் வைக்கும் படி இல்லை. சேலை சக்கரத்தில் சிக்காமல் காக்கும் கம்பிச்சட்டமும் இல்லை.

குந்துநாதன் பெருமிதத்தோடு விளக்கினான். ஞாயிறன்று பழைய பைக் வைத்திருப்பவர்கள் ஜவ்வாது மலைக்குப் பந்தயம் வைத்திருக்கிறார்கள். அவன் பிறப்பதற்கு முன்பே செய்யப்பட்ட இந்த வண்டியின் வேகத்தைக் கூட்ட வேறு வழியில்லை, எடையைத்தான் குறைக்கலாம். காலையிலிருந்து மெக்கானிக் பழனியின் கடையில் இரும்பைக் கழற்றி அலுமினியம் மாட்டிக்கொண்டிருந்தவன், பொழுது சாய்வதைக் கண்டு நேராக இங்கே வந்திருக்கிறான். அன்று அஷ்டமி. சமண வழக்கப்படி ஒருவேளை மட்டும் உண்ணும் விரதம் அவளுக்கு. அந்த வேளையும் சூரியன் மறைவதற்குள் முடிந்தாக வேண்டும். அதை அவன் மறக்கவில்லை. சோறு வடித்து மூடிவைத்துவிட்டுத்தான் கடைக்கே போனான். அழைத்துச் செல்ல வேண்டியவளை எங்கே உட்காரவைப்பது என்பதை மட்டும் மறந்திருந்தான்.

"நீ ஆட்டோல ஏறிக்கோ. நான் பின்னாலயே வந்துகினு இருக்கேன்."

"அப்போ இன்னாத்துக்கு வந்தீங்க?"

"டேங்க் மேல உக்கார வெச்சிக்கினு போங்க சார்" என்றார் பக்கத்திலிருந்த ஆட்டோக்காரர். இருவர் சிரித்தனர், குந்துநாதனும் சிரித்துவிட்டான். அந்தச் சிரிப்புதான் அவளைச் சுட்டது. பசி எங்கோ போய்விட்டது. வண்டியின் முன்பக்கம் வந்து நின்று, இரும்புக் குழாயை வளைத்துச் செய்த தடித்த லெக்கார்டைப் பார்த்தாள். அதை அவன் தொட்டிருக்கவே இல்லை.

"கழட்டினது எல்லாம் என்னுது. இது மட்டும் காத்துல செஞ்சதா?"

"அது இல்லாம வளைவுல வுழுந்தா என் காலு…" என்றவன் நிறுத்திக்கொண்டான்.

"உங்க காலு. என் சேலை சக்கரத்துல சுத்திக்கினா பரவாயில்ல."

"பந்தயத்துக்கு நீ வரப்போறதில்லியே, பிரமிளா."

"கேட்டீங்களா?"

குரலை அவள் உயர்த்தவில்லை. இருந்தும் சிரித்தவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டனர். பந்தயம் முடிந்ததும் எல்லாவற்றையும் திரும்ப மாட்டிவிடுவதாக அவன் சொல்லத் தொடங்கினான். தன் இடம் கழற்றவும் மாட்டவும் கூடியதாக அவன் கையில் இருந்துவந்திருக்கிறது என்பதே அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

குந்துநாதன் வண்டியின் பக்கப் பெட்டியிலிருந்து ஸ்பேனரை எடுத்து, தரையில் மண்டியிட்டு, லெக்கார்டின் போல்ட்டில் பொருத்தினான்.

"அதைக் கழட்டச் சொல்லி யாரும் கேக்கல" என்றாள்.

அவன் நிமிரவில்லை. துருவேறிய போல்ட் அசைய மறுத்தது. ஆட்டோக்காரர் எஞ்சினை ஓடவிட்டுக் காத்திருந்தார், பிரமிளா ஏறவில்லை. ஸ்பேனர் வழுக்கி அவன் விரல்முட்டு உரசி இரத்தம் கசிந்தது, மறுபடி பொருத்தினான். எதிர்க் கட்டடத்தின் மொட்டைமாடியில் எஞ்சியிருந்த வெயில், கைப்பிடிச் சுவரின் விளிம்பில் ஒரு கோடாக மெலிந்துகொண்டிருந்தது.