இடப்பக்கம் சாய்ந்த படகு

படகு இடப்பக்கம் சாய்ந்திருந்தது. அதிகமில்லை, நீர்மட்டம் தெரிவதற்காக நான் அடித்திருந்த வெள்ளைக் கோடு அந்தப் பக்கம் மட்டும் முழுகியிருந்தது, அவ்வளவுதான். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. சாமான் அடுக்கியவள் என் தங்கை. எடையை இரண்டு பக்கமும் சமமாகப் பிரித்து வை என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன்.

நாங்கள் இருவரும் கடலைத் தாண்டிப் போகப்போகிறோம் என்பது பல வருஷத்துப் பேச்சு. நான் படகுகளுக்குப் பாய் தைக்கிறவள். கல்யாணம் காட்சி எதுவும் இல்லை. என் தையல் அறையில் சத்தம் போடுவது மெஷின் மட்டும்தான். தங்கைக்கு மருந்துக்கடையில் வேலை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்து படகைத் தேய்ப்பாள், பெயிண்ட் அடிப்பாள், வாய் ஓயாமல் பேசுவாள். அந்த ஒரு நாளுக்காகத்தான் மற்ற நாட்களை ஓட்டினேன். சொல்லக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் உண்மை. அக்கரை சேர மாதக்கணக்காகும். அத்தனை நாளும் அவள் பேசிக்கொண்டே இருப்பாள், நான் திட்டிக்கொண்டே இருப்பேன். எனக்குப் பயணம் என்றால் அதுதான். கடல் ஒரு சாக்கு.

பாய், கயிறு, பாய்மரம் எல்லாம் என் பொறுப்பு. சாப்பாடு அவள் பொறுப்பு. டின்களில் ஒட்டியிருக்கும் காகிதத்தை முதலில் உரித்துவிட வேண்டும். படகின் அடியில் தண்ணீர் கசிந்தால் காகிதம் ஊறிக் கிழிந்து, அதை வெளியே இறைக்கிற பம்பின் வாயை அடைத்துவிடும். உரித்த தகரத்தில் அழியாத மையால் பெயர் எழுத வேண்டும். அவள் ஒரு டின்னில் ‘சூப்’ என்றும், அடுத்ததில் ‘சூப்தான்’ என்றும், அதற்கடுத்ததில் ‘வேற என்ன, சூப்தான்’ என்றும் எழுதி வைத்திருந்தாள். பிறகு உட்கார்ந்து முட்டைக்கெல்லாம் வாஸ்லின் தடவினாள். காற்றுப் புகாவிட்டால் முட்டை சீக்கிரம் கெடாது. உன் கடை வாஸ்லின் பூராவும் முட்டைக்கே போய்விட்டது, இனி ஊரில் எல்லோருக்கும் உதடு வெடிக்கும் என்று கிண்டல் செய்தேன். வழக்கமாகப் பதிலுக்குப் பதில் கொடுப்பவள் அன்று அடுத்த முட்டையை எடுத்துத் தடவினாள். களைப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு விஷயம் மட்டும் உறுத்தியது. டின்பால் இல்லை. எனக்குப் பால் விடாத டீ போதும். அவளுக்குத் தலைகீழாக நின்றாலும் இறங்காது. மறந்து தொலைத்திருப்பாள், கழுதை, என்று நானே கடைக்குப் போய் ஒரு பை நிறைய வாங்கி வந்தேன். அப்படித் திரும்பி வந்தபோதுதான் படகு சாய்ந்திருப்பதைப் பார்த்தேன்.

அவள் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். படகுத்துறையில் ஈ காக்கை இல்லை. பையோடு படகின் உள்ளே இறங்கினேன். இரண்டு பக்கமும் ஆளுக்கொரு படுக்கை. வலது என்னுடையது, இடது அவளுடையது. அலையில் உருண்டு விழாமல் இருக்க இரண்டுக்கும் தடுப்புத் துணி தைத்திருந்தேன். அவள் தூக்கத்தில் உருளுவாள் என்று அவளுடையதற்கு மட்டும் இரட்டைத் தையல் போட்டிருந்தேன். இப்போது அந்தத் துணிக்குப் பின்னால் அரிசி, தண்ணீர் கேன்கள், டின்கள், எல்லாவற்றுக்கும் மேல் வெங்காய வலை. இண்டு இடுக்கு விடாமல் அடைத்து, கயிறு போட்டு இறுக்கிக் கட்டியிருந்தாள். இதை இங்கே வைத்தால் நீ எங்கேடி படுப்பாய் என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே என் படுக்கையில் உட்கார்ந்தேன்.

அடுப்புக்கு மேல், சாய்வில் சுவரை ஒட்டித் தொங்கிய கரண்டி விலகி நேராக நின்றது. எழுந்து நடுவில் நின்றேன், கரண்டி மறுபடி சுவரில் சாய்ந்தது. உட்கார்ந்தேன், நேரானது. என் எடைக்கு ஈடாகத்தான் எதிர்ப்பக்கம் அடுக்கியிருக்கிறாள். அடுக்கியதில் ஒரு பிழையும் இல்லை. டின்பாலையும் அவள் மறக்கவில்லை, வேண்டாமென்றுதான் வாங்கவில்லை.

அவள் கேனோடு வந்து வாசலில் நின்றாள். என் மடியில் இருந்த பையைப் பார்த்தாள்.

“நீ எங்கடி படுப்ப?” என்றேன்.

கேனைக் கீழே வைத்தாள். “நான் வரலக்கா.”

“எப்ப முடிவு பண்ணின?”

“வரணும்னு எப்பவுமே நினைச்சதில்ல. நீ தனியா கிடக்கறியேன்னுதான் ஞாயித்துக்கிழமை வந்தேன். அப்புறம் அது எனக்கும் பிடிச்சுப் போச்சு. இந்தப் படகு வேலை முடியவே முடியாதுன்னு நினைச்சேன்கா.”

முன்னாலேயே சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா என்று கேட்டேன்.

“சொன்னா என்னைச் சாமான் தொட விட்டிருப்பியா? கோவத்துல ரெண்டு பிஸ்கட் பாக்கெட்டோட கிளம்பியிருப்ப.”

அது உண்மைதான் என்பதால் இன்னும் ஆத்திரம் வந்தது. படகை விற்றுவிடலாம், பழையபடி ஞாயிறுதோறும் வருகிறேன் என்று அழுதுகொண்டே சொன்னாள். எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் பாவம் பார்த்து வருகிறாள் என்று தெரிந்த பிறகு, அந்தத் தையல் அறையில் கதவைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்க என்னால் முடியாது. தனியாக இருப்பதுதான் என்றால் கடலிலேயே இருந்துவிட்டுப் போகிறேன் என்றேன்.

காற்று நன்றாக இருந்த ஒரு காலையில் கிளம்பினேன். வழியனுப்ப வந்தவள் படகில் ஏறி, வெங்காய வலையை இன்னொரு முறை இறுக்கிக் கட்டிவிட்டு வெளியே வந்து இடப்பக்கம் உட்கார்ந்தாள். வலப்பக்கம் நான் சுக்கானைப் பிடித்தபடி இருந்தேன். வெள்ளைக் கோடு அவள் பக்கம் முழுகிக் கிடந்தது. கூட வாடி என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. காலில் விழுந்துகூடக் கேட்டிருப்பேன். அதற்குப் பதிலாக டின்பால் பையை எடுத்து அவள் கையில் கொடுத்தேன்.

“இறங்குடி,” என்றேன். “உன் பக்கம் சாயுது.”

அவள் பையோடு கரைக்கு இறங்கினாள். படகு நிமிர்ந்தது.